கண் கேட்கும் கட்டம்

சிதம்பரம்
18.7.2010

அன்புள்ள தம்பி தியாகேசனுக்கு,

மங்கலம் எழுதுகிறேன். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இருக்கிறோம். உங்கள் சகலைக்கு முட்டிவலி. நான் மறுபடியும் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வேலைக்குப் போகிறேன். வீட்டில் இருந்தால் தில்லை ஞாபகம்தான். என் தங்கச்சி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், நான் தூக்கி வளர்த்தவள், எனக்கு முன்னால் போய்விட்டாள். மெஸ்ஸில் வெங்காயம் அரிகிற இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

இதைப் படித்துக் காட்டுகிற பிரீதா டீச்சருக்கு என் வணக்கம். மாடியிலிருந்து இறங்கிவந்து மெனக்கெடுகிறீர்கள். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நான் அஞ்சாங்கிளாசோடு நின்றவள். தில்லைதான் பத்து வரைக்கும் படித்தாள். படித்ததையெல்லாம் புருஷனுக்குப் படித்துக் காட்டியே தீர்த்தாள்.

தம்பி, கருமாதிக்கு மறுநாள் நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. அந்தப் பொட்டி இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நின்றுவிட்டது. "என்ன தம்பி, கெட்டுப்போச்சா?" என்றேன். "கெடல அக்கா. இந்த எடத்துல ஒரு படம் வரும். அதுல கோணல்மாணலா நம்பரு இருக்கும். அதைப் பாத்து அடிச்சாதான் உள்ள விடும். படத்தைப் படிக்க இதுக்குத் தெரியாது. தில்லை அடிச்சுக் குடுப்பா" என்றீர்கள். என்ன மனு என்று கேட்டால், கண் தெரியாதவர்களுக்குக் கொடுக்கிற பஸ் பாஸாம். அதை வாங்கக் கண் வேண்டுமாம். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ.

நான் பார்த்துச் சொல்கிறேன் என்று வந்தேன். ஏழு என்றேன், மூன்று என்றேன். அதற்கப்புறம் இங்கிலீஷ் எழுத்து. எனக்குக் கண் இருந்தது, எழுத்து தெரியவில்லை.

அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். சுவேதாவைக் கொஞ்ச நாள் இங்கே அனுப்புங்கள். எனக்கும் பிள்ளை குட்டி இல்லை. ஆறு வயதுப் பெண்பிள்ளை. நீங்கள் ஒண்டியாக எப்படிச் சமாளிப்பீர்கள்?

டீச்சர், இந்த வரியை மட்டும் அவருக்குப் படிக்க வேண்டாம். அவர் இளைத்துவிட்டாரா? வேளைக்குச் சாப்பிடுகிறாரா? எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

மங்கலம்


செம்மண்டலம், கடலூர்
5.8.2010

அன்புள்ள அக்காவுக்கு,

தியாகேசன் வணக்கம். நானே தட்டச்சு செய்து அச்செடுத்த கடிதம் இது. கையெழுத்து மட்டும் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிக்க வேண்டாம் என்று எழுதிய வரியையும் டீச்சர் படித்துவிட்டார். "எழுதுனதை எழுதுனபடி படிச்சாதான் சார் எனக்குத் தூக்கம் வரும். இளைச்சுட்டீங்கதான், அதையும் எழுதிருங்க" என்றார். எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் வரலாற்றுப் பாடம் நடத்துகிறேன், சாப்பிடுகிறேன்.

சுவேதா நன்றாக இருக்கிறாள். பின்னல் நான்தான் போடுகிறேன். இறுக்கமாகவே வருகிறது. வகிடுதான் நேராக வருவதில்லை. அதற்கு மட்டும் மாடிக்கு ஓடுகிறாள்.

பஸ் பாஸ் கதையைக் கேளுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்தவர் முதலில் கேட்டது, "கூட யாரும் வரலையா சார்?" அவராகவே எல்லாவற்றையும் நிரப்பினார். என்ன நிரப்பினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாஸ் வந்தது. பஸ்ஸில் ஏறி நீட்டினேன். கண்டக்டர் என் காதருகே குனிந்து கத்துகிறார்: "சார், எங்க போவணும்?" நான் பயந்துபோய், "ஏன் சார் கத்துறீங்க?" என்றேன். "காது கேக்காதுன்னு போட்டிருக்கே!" என்று அதற்கும் கத்தினார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இறங்கி நடக்கும்போதுதான், இதைச் சொல்ல வீட்டில் தில்லை இல்லை என்று உறைத்தது.

சுவேதா என்னிடமே இருக்கட்டும் அக்கா. லீவுக்கு அழைத்து வருகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். இவள் அப்படியே தில்லை முகம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி இருந்தால் அது தில்லை முகம்? உங்களைத் தவிர யாரிடமும் இதைக் கேட்க முடியாது. எழுதுங்கள்.

உங்கள்
தியாகேசன்


சிதம்பரம்
10.10.2010

அன்புள்ள தம்பிக்கு,

கண்டக்டர் கதையை மெஸ்ஸில் சொன்னேன். அமிர்தம் சிரித்துக் கரண்டியைச் சாம்பாருக்குள் போட்டுவிட்டாள். நான்தான் சிரிக்கவில்லை. இன்றைக்குக் காதை எழுதினவன் நாளைக்குப் பிள்ளை விஷயத்தில் எதை எழுதுவானோ?

முகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். டீச்சர் தப்பாக நினைக்கக் கூடாது.

காலாண்டு லீவில் சுவேதா வந்திருந்தபோது உங்கள் சகலை தோளில் உட்கார்ந்து தேரடி வரைக்கும் போய்வந்தாள். முட்டிவலியையே மறந்துவிட்டார் மனுஷன். அவள் போனதிலிருந்து மறுபடி வலிக்கிறதாம்.

நான் மனசில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசுகிறவள் இல்லை. நம் இரண்டு பேருக்கும் ஒரு பேச்சு வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருப்பிடச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள், அவசரமில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள் என்றீர்களே. அதை நீங்களாகவே, ஒருத்தர் துணையில்லாமல், எடுத்துக் காட்டுங்கள். இந்தப் பிள்ளை இன்னார் மகள், இன்ன இடத்தில் இருக்கிறாள் என்று அந்தக் காகிதம் என் கைக்கு வந்தால், அதற்கப்புறம் அவளைக் கேட்க மாட்டேன். உங்களால் முடியவில்லை என்றால் அவள் இங்கே வளரட்டும்.

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மங்கலம்


செம்மண்டலம்
20.3.2011

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பேச்சுக்கு ஒப்புக்கொண்டேன். சொல்கிறபடி நடக்கத்தான் முடியவில்லை.

சான்றிதழ் மனுவுக்கும் அதே படம்தான். இதற்குள் பலமுறை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை சுவேதாவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நம்பரும் இங்கிலீஷ் எழுத்தும் கற்றுக்கொண்டாளே.

"அப்பா, ஒரு ஆறு படுத்துக் கெடக்கு."

"ஆறா, ஒம்போதா பாரும்மா."

"எழுந்திரிச்சாதானே தெரியும்!"

இரண்டு முறை தப்பு. மூன்றாவது முறை உள்ளே விட்டது. அவள் குதித்த குதியில் என் தாடையில் இடித்துவிட்டாள். உள்ளே போனால் அடுத்த கூத்து. எந்தக் கட்டத்துக்கும் பேர் வைக்கவில்லை. "கட்டம், கட்டம், கட்டம்" என்றே மிஷின் இங்கிலீஷில் சொல்கிறது. எதில் பேர், எதில் ஊர்? அவள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளிவிட்டது. மறுபடி படம். "கண்ணு எரியுதுப்பா" என்றாள். எழுந்துவிட்டோம்.

ஆனாலும் ஒரு மாதத்தில் எடுத்துவிடுவோம். கெட்டிக்காரி உங்கள் மகள்.

தியாகேசன்


சிதம்பரம்
2.4.2011

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை நானே மூன்று தடவை படித்தேன். எனக்கு ஆறவில்லை.

நீங்களாகவே என்றுதானே சொன்னேன்? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கண்ணைக் கடன் வாங்குவது நீங்களாகவே எடுப்பதா?

கம்மாபுரத்தில் நம் சித்தப்பா மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? பந்தியில் தில்லை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வலது பக்கம் உப்பு, மேலே கூட்டு, இலை ஓரத்தில் அப்பளம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நீங்கள் மோர் சாப்பிட்டு எழுந்தபோது அவள் இலையில் சோறு அப்படியே ஆறிக்கிடந்தது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் எழுந்துவிட்டாள். அன்றைக்கு மட்டுமா? அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. உங்களோடு சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அவளாகத் தேடிக்கொண்டது. சுவேதா தேடிக்கொண்டதா? அவளும் இலை ஆறி எழுந்திருக்க வேண்டுமா?

அவளை உங்களுக்குக் கண்ணாக்காதீர்கள். இவ்வளவுதான்.

டீச்சர், இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

மங்கலம்


செம்மண்டலம்
15.6.2011

அன்புள்ள அக்காவுக்கு,

டீச்சர் நிதானமாகத்தான் படித்தார். படித்து முடித்ததும் மாடிக்குப் போய்விட்டார். நானும் இத்தனை நாள் பதில் எழுதவில்லை.

நீங்கள் எழுதியது சரி. அந்த இலை விஷயம் எனக்குத் தெரியாது. தில்லை சாப்பிட்டுவிட்டேன் என்றுதான் சொன்னாள்.

இனிமேல் சுவேதாவை அந்தப் பொட்டி முன்னால் உட்கார வைக்க மாட்டேன். ஆனால் அக்கா, நான் கேட்பதும் அதுதான். அந்தக் கட்டங்களுக்குப் பேர் வைத்து, படத்துக்குப் பதிலாகக் காதால் கேட்கிற மாதிரி ஒரு வழி விட்டிருந்தால் தில்லை பாதி நாள் சும்மா இருந்திருப்பாள். இதை எழுதி, திங்கட்கிழமை குறை கேட்கிற நாளில் வரிசையில் நின்றேன். மனுவை வாங்கியவர் சொன்னார்: "இதுக்கு ஏன் சார் அலையறீங்க? வெப்சைட்லயே போட்டுடலாமே!"

நான் சிரித்தது அவருக்குப் புரியவில்லை. மனுவை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். போய்க்கொண்டே இருப்பேன்.

தியாகேசன்


சிதம்பரம்
12.1.2012

தம்பிக்கு,

புயலடித்து இத்தனை நாளாகியும் உங்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. போன் கிடைக்கவில்லை. இங்கே எங்களுக்கு ஓடு நாலு போனதோடு சரி. கடலூரில் மரமெல்லாம் சாய்ந்து கரண்டே இல்லை என்கிறார்கள். உங்கள் சகலை பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். முருங்கை மரம் கூரையில் கிடக்கிறது, பிள்ளை தனியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறாள், நீங்கள் வாசலில் நின்று அவள் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றார்.

டீச்சர், இதற்கு மேல் இருப்பதைக் குழந்தை காதில் விழாமல் படியுங்கள். அவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டுப் படியுங்கள்.

தம்பி, ஒரு வருஷத்துக்கு மேலாக அலைந்து ஒரு காகிதம் உங்களால் வாங்க முடியவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் மேல் தப்பில்லை, சர்க்கார் அப்படி வைத்திருக்கிறது. ஆனால் யார் தப்பாக இருந்தாலும் தண்ணீருக்கு நிற்பது பிள்ளைதானே? கண் தெரியாத ஒருத்தரால் பெண்பிள்ளையை வளர்க்க முடியாது. இதை யாரும் உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். பெரிய பரீட்சை முடிந்ததும் அவள் துணிமணியைக் கட்டி வையுங்கள். நான் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன். உங்களிடம் இருந்தால் அவள் தில்லை மாதிரியே தேய்ந்து போவாள்.

எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான்.

மங்கலம்


செம்மண்டலம்
2.2.2012

அக்காவுக்கு,

இப்போதுதான் கரண்ட் வந்தது. அதனால்தான் தாமதம்.

உங்கள் கடிதம் வந்தபோது பிரீதா டீச்சர் இல்லை. மாடிக் கூரை போனதால் ஊருக்குப் போய்விட்டார். தபால்காரர் என் கையில் கொடுத்ததைச் சுவேதா பார்த்துவிட்டாள். "பெரியம்மா லெட்டர்! நான் படிக்கிறேன்ப்பா, எனக்கு இப்ப எல்லா எழுத்தும் தெரியும்" என்றாள். பொட்டி முன்னால்தானே உட்கார வைக்கக் கூடாது, கடிதத்துக்கு என்ன என்று நினைத்துவிட்டேன்.

எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். "குழந்தை காதில் விழாமல் படியுங்கள்" என்ற வரியையும் அவள்தான் படித்தாள். நான் கை நீட்டிக் கடிதத்தைக் கேட்டேன். "இரு, முடிக்கல" என்றாள். முடித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "நான் பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டா உனக்கு யாருப்பா லெட்டர் படிப்பாங்க?" அப்புறம், "தேஞ்சு போறதுன்னா என்னப்பா?" என்றாள்.

சோப்பு மாதிரி என்றேன்.

உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்குப் பேசத் தெம்பில்லை அக்கா.

தியாகேசன்


செம்மண்டலம்
8.6.2012

அன்புள்ள அக்காவுக்கு,

பரீட்சை முடிந்து நீங்கள் வருவீர்கள் என்று சுவேதா பை கட்டி வைத்திருந்தாள். நீங்கள் வரவில்லை, கடிதமும் இல்லை. பையை அவளே பிரித்துவிட்டாள். சகலை பக்கிரி அண்ணன் போனில், "உங்க அக்கா யாருகிட்டயும் பேசுறதில்லப்பா" என்றார்.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன்.

பங்குனியில் ஒரு நாள், குறை மனு கொடுத்த ஆபீசில் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் பிரிவில் திருநாவுக்கரசு என்று ஒருவர். "எல்லாருக்கும் ஓடுது சார், உங்களுக்கு மட்டும் என்ன?" என்றார். மானிட்டரை அணைத்துவிட்டு நீங்களே ஒரு மனு போடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, "எங்க இருக்கேன்னே தெரியல சார்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நானும் அவரும் போனில் சண்டை போட்டபடி இருந்தோம். இப்போது கட்டங்களுக்குப் பேர் இருக்கிறது. படம் வேண்டாம் என்றால் நம் போனுக்கு அழைப்பு வந்து நம்பரைச் சொல்கிறது. எல்லாப் பக்கமும் சரியாகவில்லை. பஸ் பாஸ் பக்கம் இன்னும் பழையபடிதான். அதற்கும் போக வேண்டும். அலுப்பாக இருக்கிறது.

இருப்பிடச் சான்றிதழ் பக்கம் மட்டும் சரியாகிவிட்டது. சுவேதா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில், டீச்சரும் இல்லாமல், நான் ஒருவனாகப் போட்டேன்.

என் மிஷின் இப்போது தமிழும் படிக்கிறது. கட்டைக் குரல், மூச்சு விடாமல் படிக்கும். ஆனால் அச்சில் தட்டி மின்னஞ்சலில் வந்தால்தான் படிக்கும், கையெழுத்து அதற்கு ஆகாது. நீங்கள் கையால் எழுதினால், ஊரிலிருந்து திரும்பிவிட்ட டீச்சர்தான் படிக்க வேண்டும். பரவாயில்லை, எழுதுங்கள்.

தியாகேசன்


சிதம்பரம்
24.6.2012

அன்புள்ள தம்பிக்கு,

மங்கலம். இது பொட்டியில் அடித்த கடிதம். சுவேதா பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.

தெற்கு வீதி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சிவகாமியம்மாள் என்று ஒருத்தர் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் போய், எனக்கு வேலைக்கு வேண்டாம், ஒரே ஒரு கடிதம் அடிக்க வேண்டும் என்றேன். "நீ சொல்லு, நானே அடிச்சுத் தரேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஒரு எழுத்தைத் தேடி எடுப்பதற்குள் நினைத்தது மறந்துபோகிறது. மெஸ் விட்டு வந்து தினம் கொஞ்சமாக அடிக்கிறேன். தப்பு இருந்தால் திருத்தட்டுமா என்று கேட்டார். அதையும் வேண்டாம் என்றேன். உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தடவையாவது யாரும் இல்லாமல் இருக்கட்டும். மிஷின் எங்காவது தடுமாறினால் அது என் கை.

காகிதம் வந்தது. உங்கள் சகலை படித்தார். சுவேதா, தியாகேசன் மகள், செம்மண்டலத்தில் வசிக்கிறார் என்று போட்டிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வசிக்கிறார் என்று மரியாதை வேறு. சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நான் சொன்ன சொல் எனக்கு நினைவிருக்கிறது. இனிமேல் அவளைக் கேட்க மாட்டேன்.

சுவேதா படித்த அந்தக் கடிதத்துக்கு நான் என்ன சொன்னாலும் ஆகாது. அவளைக் கண்ணாக்காதீர்கள் என்று உங்களிடம் சண்டை போட்டேன். கடைசியில் என் வாயை அவள் வாயால் பேச வைத்துவிட்டேன். பெரியம்மா தேயாத சோப்பு வாங்கி வைத்திருக்கிறாள் என்று அவளிடம் சொல்லுங்கள். சிரிக்கிறாளா என்று எனக்கு எழுதுங்கள்.

நீங்கள் முகத்தைக் கேட்டு இரண்டு வருஷமாகப்போகிறது. டீச்சர் நல்ல மனுஷி. இருந்தாலும் என் தங்கச்சி முகத்தை இன்னொருத்தர் வாயால் உங்களுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

தில்லைக்கு நெற்றி சின்னது. பொட்டு வைத்தால் இடமே இருக்காது. புருவம் அடர்த்தி. நிறம் என்னைவிட ஒரு மாற்றுக் குறைவு, அதை அவளிடம் சொன்னால் கோபம் வரும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது, சத்தம் மட்டும்தான் கேட்டிருப்பீர்கள். மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு பல் இன்னொரு பல் மேல் ஏறியிருக்கும். அதற்காகத்தான் மூடுவாள். உங்களிடம் மூட வேண்டியதில்லை என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அவர் எதிர்ல நான் வாயைத் தொறந்தே சிரிப்பேன்க்கா என்றாள்.

சுவேதாவுக்கும் அந்தப் பல் ஏறித்தான் முளைக்கிறது. காலாண்டு லீவில் வந்தபோது பார்த்தேன். பெருவிரலால் அழுத்தி விடு, நேராகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அழுத்த வேண்டாம் தம்பி. விரலை வைத்துத் தொட்டுப் பாருங்கள். அப்படித்தான் இருக்கும்.

ஆனித் திருமஞ்சனத்துக்கு இரண்டு பேரும் வாருங்கள். அவளுக்குத் தனி இலை போடுகிறேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உப்பு எங்கே, அப்பளம் எங்கே என்று நான் சொல்கிறேன். எனக்குச் சோறு ஆறினால் பரவாயில்லை.

அக்கா
மங்கலம்